ஒரு துணியாவது வெளுத்ததா

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சலவைக்கூடமும் நலம், பாய்லரும் நலம். அந்தக் குளிர் ஊரில் நீங்கள் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்லலாமா என்பதுதான் என் சந்தேகம். தந்தி அடிக்கிறவர்கூட இரண்டு வார்த்தை சேர்த்து அடிப்பார். அங்கேயே வேலையில் நிரந்தரமாகச் சேரச் சொல்கிறார்களாம், சேர்ந்துவிடலாம் என்றிருக்கிறீர்களாம், சர்டிபிகேட்டுகளையும் புத்தகங்களையும் கம்பளிக் கோட்டையும் கட்டி அனுப்ப வேண்டுமாம். முடிந்தது கடிதம். அண்ணி எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி உண்டா? குட்டிக்கு விழுந்த பல் முளைத்ததா என்று ஒரு வரி உண்டா? நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். முளைத்துவிட்டது. இரண்டும் கொஞ்சம் பெரிதாகவே முளைத்திருக்கின்றன, உங்கள் வீட்டுப் பல். சித்தப்பா வந்து பார்க்காமல் போட்டோவுக்குச் சிரிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

பொருட்களை நான் இன்னும் கட்டவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் கட்டவில்லை என்று சொல்லத்தான் இத்தனை பக்கம். போனில் சொல்லலாம் என்றால், நான் "உங்க அண்ணன்" என்று ஆரம்பித்ததுமே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. சிக்னல் இருக்கிற நாளில் "கம்பெனி பேச்சு வேண்டாம் அண்ணி" என்கிறீர்கள். கடிதத்தில் அது நடக்காது. கோபத்தில் மடித்து வைத்தாலும் சாப்பிட்ட பிறகு எடுத்துப் படிப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

நீங்கள் கிளம்பிப் போன அந்த வாரத்தை நான் மறக்கவில்லை. உங்கள் அண்ணனுக்கு அப்போது வேண்டியிருந்தது புது டிரையர். நீங்கள்தான் ஒற்றைக் காலில் நின்று, அதற்கென்று வைத்திருந்த பணத்தில் கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் ரீடரும் வாங்க வைத்தீர்கள். ஒவ்வொரு விரிப்பின் ஓரத் தையலுக்குள்ளும் ஒரு சிப் வைத்துத் தைக்க வைத்தீர்கள். ரீடர் தன் பக்கம் வருகிற சிப்பையெல்லாம் படித்து எண்ணும். எந்த விரிப்பு எங்கே இருக்கிறது, எத்தனை முறை துவைத்தாகிவிட்டது, எப்போது நைந்துபோகும் என்று எல்லாம் திரையிலேயே தெரியும் என்றீர்கள். நாமோ நம்முடைய விரிப்புகளைத்தான் ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் வாடகைக்குக் கொடுத்துத் துவைத்தும் கொடுக்கிறோம். காணாமல் போனால் புதிதாக வாங்கிப் போடுவது நம் தலையில்தான் விடியும். ஆகவே உங்கள் பேச்சு எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மெஷின் வந்தது. ஒரு வருஷம் ஓடியது. விரிப்புகள் காணாமல் போவது மட்டும் நிற்கவில்லை. புகார் போன் என் மேஜையில் இருப்பதால், பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் நான்தான். அந்தம்மா போனில் கத்தினால் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். கடைசியில் வேறு சலவைக்காரரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் உங்கள் அண்ணனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மடிப்பு மேஜை முன்னால், எல்லோரும் பார்க்க, "இவ்ளோ பணத்தக் கொட்டி வாங்கினமே, இந்த மெஷினால ஒரு துணியாவது வெளுத்துச்சாடா?" என்று கேட்டார். நீங்கள் சத்தம் போடவில்லை. "துணி வெளிய போகலண்ணா, நம்ம சுவத்துக்குள்ளதான் இருக்கு, மெஷின் அப்படித்தான் காட்டுது" என்று மட்டும் சொன்னீர்கள். "அப்ப அந்த மெஷினையே தேடி எடுத்துத் தரச் சொல்லு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் உங்களை ஊரைவிட்டே அனுப்பியது என்று நான் நினைக்கிறேன். அந்த வாரமே ஒரு பையோடு கிளம்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் நான் ஒருத்தி தபால்காரி.

இப்போது நல்ல சேதிக்கு வருகிறேன். முன்பே எழுதியிருக்கலாம். ஆனால் மெஷின் ஒரு மாதம் ஓடி மறு மாதம் படுத்துவிட்டால், உங்களுக்கு இன்னொரு முறை தலைகுனிவாகப் போய்விடுமே என்று பயந்தேன். மழை, வெயில் எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு அந்த சாஃப்ட்வேர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. உங்கள் அண்ணன் நிறுத்திவிடலாம் என்றார். நான், நிறுத்துவதென்றால் அது இத்தனை நாள் என்ன செய்தது என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள், மழைக்காலம் முடிகிறவரை என்னிடம் விடுங்கள் என்றேன். அவருக்கு இருந்த சலிப்பில் சரி என்று தலையாட்டிவிட்டார்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் போன் எடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். நல்ல பிள்ளை. முதல் நாளே "ரீடர் எங்க வச்சிருக்கீங்க மேடம்?" என்று கேட்டாள். நான் பெருமையாக, ஏசி ரூமில்தான், கண்ணாடி மேஜையில், பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறோம், தினமும் நாங்களே துடைக்கிறோம் என்றேன். பிறகு, அழுக்குத் துணி எந்த வழியாக வருகிறது என்று கேட்டாள். பின் வாசல் வழியாக என்றேன். "அப்ப துணி உள்ள வர்றத யார் மேடம் பார்க்குறாங்க?" என்றாள்.

உங்களுக்கு இது புதிதில்லை. வாசலில் வைக்கத்தான் நீங்கள் சொன்னீர்களாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைச் சேற்றிலா வைப்பது என்று உங்கள் அண்ணன்தான் உள்ளே தூக்கிப் போனாராம். அதுவும் போதாதென்று, "ஈரக் கையோடு தொடக் கூடாது" என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினாரே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சலவைக்கூடத்தில் ஈரமில்லாத கை யாருக்கு இருக்கிறது? எனக்கும் அவருக்கும் மட்டும்தான். வேலை தெரிந்தவர்கள் ஒருவரும் கிட்டே போகவில்லை. நேரம் கிடைத்தபோது, துவைத்து மடித்த துணியில் ஏதோ கொஞ்சத்தைத் தள்ளுவண்டியில் வைத்து ஏசி ரூமுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். பாதித் துணிக்குக் கண் தெரிந்து மீதிக்குக் குருடாக இருந்தது அந்த மெஷின். துணி உள்ளேதான் இருக்கிறது என்று அது சரியாகச் சொன்னதையும் நாம் நம்பவில்லை. அதில் கெடுதல் நினைத்தவர் யாரும் இல்லை தம்பி. அவர் அதைப் புதுப் பெண்டாட்டி மாதிரி வைத்துத் தாங்கினார், அவ்வளவுதான். என்னைக்கூட அப்படி வைத்துக்கொண்டதில்லை.

சரி, வாசலுக்கு மாற்றுவது என்று நானே நாள் குறித்தேன். அணைத்தால் உள்ளே இருக்கிற கணக்கெல்லாம் அழிந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதனால் பேட்டரியோடு சேர்த்து, ரீடரை உயிரோடு அப்படியே தள்ளுவண்டியில் ஏற்றினோம். முன்னால் நம் துணி வண்டி டிரைவர், பின்னால் நான், பக்கத்தில் ஒயரைக் கையில் தாங்கிக்கொண்டு தளபதியம்மா. மடிப்பு மேஜைக்குத் தலைமையான அந்தம்மாவுக்கு நீங்கள் வைத்த பேர் இன்னும் அப்படியே நிலைத்திருக்கிறது. உங்கள் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, எப்போது விழப்போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

நடு வழியில் துணி மூட்டைகள் குவிந்து கிடந்ததால், பாய்லருக்குப் பின்னால் இருக்கிற சந்து வழியாகப் போனோம். அங்கே போனதுதான் தாமதம், ரீடர் கத்த ஆரம்பித்தது. கீச் கீச் என்று மூச்சுவிடாமல், கோழிக்குஞ்சுக் கூடையைக் கவிழ்த்தது போல. டிரைவர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். "பாத்தியா, எடத்த மாத்தினதும் கெட்டுப்போச்சு" என்று உங்கள் அண்ணன் கிட்டத்தட்டச் சந்தோஷப்பட்டார். நான் வண்டியைப் பின்னால் இழுத்தேன், சத்தம் நின்றது. முன்னால் தள்ளினேன், மறுபடியும் கத்தியது. திரும்பித் தளபதியம்மாவைப் பார்த்தால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒயரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பழைய சாமான் அறையின் திரையை விலக்கினார்.

விரிப்புகள், தம்பி. தரையிலிருந்து கூரை வரைக்கும். வெள்ளை வெளேரென்று, மூலைக்கு மூலை சேர்த்து மடித்து, பூச்சி அரிக்காமல் காகிதம் சுற்றி அடுக்கியிருந்தது. நாம் காணாமல் போனது என்று எழுதித் தள்ளியது அத்தனையும் அங்கே இருந்தது.

மாமா, உங்கள் அப்பா, கூடத்தை நடத்திய காலத்தில் அவசரத்துக்கு உதவும் என்று ஒரு அலமாரி விரிப்பு ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணன் தம்பி உங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியும். சின்ன வயதில் அதற்குள் ஒளிந்து விளையாடியவர்கள்தானே நீங்கள். அந்த ஒரு அலமாரி ஒரு அறையாக வளரும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு விரிப்பு குறைந்தால் திட்டு விழுவது மடிப்பு மேஜைக்கு. அதனால் அவர்கள் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கி வைத்ததால் இன்னும் குறைந்தது. குறைந்ததால் நாம் புதிதாக வாங்கினோம். வாங்கியதிலிருந்தும் ஒதுக்கினார்கள். கம்பெனிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்கும் ஒரு தலையணை உறைகூடப் போகவில்லை.

தளபதியம்மா அழுதுவிட்டார். உங்கள் அண்ணன் அந்த வாசலிலேயே நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இன்றைக்கு யார் வேலை போகப்போகிறதோ என்று பயந்தேன். அவரோ, "எல்லாம் நம்ம துணிதானம்மா, அழாம வெளிய எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வரவில்லை. தேடிப்போனால் வெறும் ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சுவத்துக்குள்ளதான் இருக்குன்னு அவன் சொன்னான்ல?" என்று கேட்டார். சொன்னார் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான், ஆனால் மந்திரம் போட்டது போல நடக்கவில்லை. ரீடர் வாசலுக்கு வந்த பிறகும், இது நம் கை வேலையை எண்ணிப் பார்த்து ஆளைக் குறைக்க வந்தது என்று மேஜையில் பயந்தார்கள். மெஷின் பேரைச் சொல்லி யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று உங்கள் அண்ணனை எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தேன். அந்த வார்த்தையை அவர் இன்றுவரை காப்பாற்றுகிறார். மூட்டை இறங்கும்போதே வாசலில் ஒரு முறை, வண்டி ஏறும்போது ஒரு முறை, இரண்டு தடவை காட்டினால் போதும் என்று ஆனது. கம்ப்யூட்டர் திரை இப்போது மடிப்பு மேஜைக்கு எதிரிலேயே இருக்கிறது. இன்றைக்கு யாருக்கு எவ்வளவு போக வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிகிறது. ஒளித்து வைக்க வேண்டிய பயமே போய்விட்டது. தளபதியம்மா திரையில் ஒரு எண் இடறினாலும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து, அந்த போன் பெண்ணை அவரே கூப்பிட்டுச் சண்டை போடுகிறார்.

புது விரிப்பு வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டோம். நைந்துபோகப் போகிற விரிப்பு எது என்று முன்கூட்டியே தெரிவதால், கிழிசல் ஒன்றுகூட நோயாளி படுக்கைக்குப் போவதில்லை. பெரிய ஆஸ்பத்திரி நம்மிடமே தங்கிவிட்டது. தலைமை நர்ஸ் போன வாரம் போன் செய்தார். பழக்கதோஷத்தில் ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அந்தம்மாவோ, ராத்திரி ஒரு விபத்துக் கூட்டம் வந்தும் ஒரு படுக்கைக்குக்கூட விரிப்பு குறையவில்லை, நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். அந்த நன்றி எனக்குரியதில்லை என்று தெரியும். அதை அப்படியே பத்திரமாக உங்களுக்கு அனுப்புகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். ரொம்ப மாறிவிட்டார், வாயைத் தவிர. ஏசி ரூமைக் காலி செய்து மடிப்பு மேஜைக்காரர்களுக்கு ஓய்வு அறையாக்கிவிட்டார். அவர் நாற்காலி இப்போது பின் வாசலில், ரீடருக்குப் பக்கத்தில். வேறு ஊர் சலவைக்காரர் ஒருவர் இதே மெஷினை வாங்க வேண்டும் என்று பார்க்க வந்திருந்தார். அவரிடம், "மெஷின வாங்குறது பாதி வேலதாங்க, அதோட வாசல்ல வந்து நிக்கிறது மீதி. நான் முதல் பாதிய வாங்கிட்டு ரூமுக்குள்ள போய் உக்காந்துட்டேன்" என்று இவர் பாடம் நடத்தினாரே, பார்க்க வேண்டும். கேட்டால் ஏதோ இவரே கண்டுபிடித்தது போலிருக்கும். ஆனால் வழியனுப்பும்போது, "இதெல்லாம் என் தம்பி போட்டது" என்று சொல்லித்தான் முடித்தார். யார் வந்தாலும் அப்படித்தான் முடிக்கிறார். உங்களிடம் மட்டும் சொல்ல மாட்டார். வீம்பு. உங்கள் இரண்டு பேருக்கும் அதைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார் மாமா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது விரிப்பு வாங்காமல் மிச்சமானதில் அவர் ஆசைப்பட்ட டிரையர் வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டில் ஒன்று என்று சண்டை போட்டீர்களே, உங்கள் மெஷின்தான் கடைசியில் அவருடைய மெஷினை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

போன வாரம்தான் அதை ஓட்டினோம். புது மெஷினிலிருந்து வருகிற முதல் விரிப்பை வீட்டுப் பிள்ளைகள்தான் மடிக்க வேண்டும் என்பது இந்தக் கூடத்தின் வழக்கம் இல்லையா. எப்போதும் நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, ஒரு உதறு உதறி, ஒருவரையொருவர் நோக்கி நடந்து வருவீர்கள். உங்கள் அண்ணன் சூடாக வெளியே வந்த விரிப்பை எடுத்தார். இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சின்னவனே, பிடிடா" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. மூலையை விடாமல் அப்படியே நின்றார். நான் ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தேன். எனக்கு எங்கே அந்த உயரம்? உதறியதும் நடுப்பகுதி தரையில் பட்டுவிட்டது. தரையில் பட்டால் மறுபடியும் துவைக்க வேண்டும். துவைத்து எடுத்தோம். தளபதியம்மா மடிக்க வந்தார், உங்கள் அண்ணன் விடவில்லை. அந்த ஒரு விரிப்பு மட்டும் இன்னும் மடிக்காமல் கம்பியில் கிடக்கிறது. இந்தக் கூடத்தில் மடிக்காத துணி ஒரு நாள் தாண்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் கேட்ட சர்டிபிகேட், புத்தகம், கோட்டு எல்லாம் துடைத்து எடுத்து உங்கள் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். அங்கேயே சேருவதென்று நீங்கள் முடிவு செய்தால் தடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் தோற்றுப்போய் வந்தவன் என்று எண்ணிக்கொண்டு சேராதீர்கள். நீங்கள் தோற்கவில்லை. இன்றைக்கு இங்கே இத்தனை குடும்பம் நிம்மதியாகச் சாப்பிடுகிறது என்றால் அதில் உங்கள் கை இருக்கிறது. அதற்கு அண்ணி உங்களுக்கு வாழ்நாள் முழுக்க நன்றியோடிருப்பேன். இதை நேரில் சொன்னால் நீங்கள் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவீர்கள், அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் அண்ணன் மூன்று முறை மூக்குக்கண்ணாடி தேடி இந்தப் பக்கம் வந்துவிட்டார். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருக்கிறது. தம்பிக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். எனக்கு என்ன இருக்கிறது எழுத என்று போனவர், கதவருகே நின்று, முதுகைக் காட்டிக்கொண்டே, "அன்னிக்கு ஒண்ணு கேட்டேன்ல அவனை, வெளுத்துச்சுன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன், தம்பி. வெளுத்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பொருட்களை நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வந்து, அவை வேண்டாம் என்று தோன்றும் வரை இருங்கள். அதுவரை அந்த விரிப்பு கம்பியிலேயே கிடக்கட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
உயரம் பத்தாத அண்ணி